அழுக்காகாத சட்டை

ரொறன்ரோவுக்கு என்னை அனுப்பியது பத்திரிகை. அங்கே எனக்கு வேலை வைத்தது அக்கா வீடு. பத்திரிகை வேலையை மழை கெடுத்தது. அக்கா வீட்டு வேலையை நானே கெடுத்தேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. இலங்கை அணி உலகக் கிண்ணத்தை வென்று ஆறு மாதம் ஆகியிருந்தது. செப்ரெம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் ரொறன்ரோவில் கிரிக்கெட் ஆடப்போகின்றன என்று தெரிந்ததும், கொழும்பில் எங்கள் ஆசிரியர் விளையாட்டுப் பக்கத்துக்காரனான என்னைக் கூப்பிட்டார். "உமக்கு அக்கா அங்கைதானே இருக்கிறா? எட்டு நாள் போட்டு வாரும்" என்றார். இருபது வருடமாக எழுதியவனுக்குக் கிடைத்த முதல் வெளிநாட்டுப் பயணம். மறுபேச்சுப் பேசவில்லை.

சனிக்கிழமை ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் அக்கா வீட்டுக்குள் காலை வைத்தபோதே எனக்கு மாலை போடாத குறைதான். மரக்கறி வாங்க தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் பிளாசாவுக்கு அத்தானோடு போனால், கடைக்காரர் கத்தரிக்காயைத் தராசில் விட்டுவிட்டு ஓடிவந்து, கிண்ணத்தை நானே வென்றதுபோலக் கையைக் குலுக்கினார். எந்த நாட்டை விட்டு ஓடிவந்தார்களோ அந்த நாட்டின் வெற்றிக்கு இவ்வளவு சந்தோசமா என்று யோசித்தேன். கேட்கவில்லை. கையை நன்றாகக் குலுக்கக் கொடுத்தேன். வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை.

அன்று மத்தியானம் புட்டும் விளைமீன் குழம்பும். மீன் எந்தக் கடலில் பிடித்ததோ தெரியாது, குழம்பு அக்காவின் கைதான். இரண்டாந்தரம் புட்டுப் போடும்போது அத்தான் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த ஒரு கடிதத்தைக் கழற்றிக் கொண்டுவந்து என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அக்காவுக்கு ஒரே மகன், குகன். இருபது வயது. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அவர்கள் கனடா வந்தபோது எட்டு வயது. இப்போது கல்லூரியில் கணினி படிக்கிறான், கல்லூரி அணியில் பேஸ்போல் ஆடுகிறான். வெளிக்களத்தின் நடுவில் நிற்பவன். நம்முடைய கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டுப் பக்கம் நிற்கும் களத்தடுப்பாளரைப் போன்ற இடம். கடிதம் அமெரிக்கத் தொழில்முறை அணி ஒன்றிடமிருந்து வந்திருந்தது. புளோரிடாவில் ஆறு வாரப் பயிற்சி முகாமுக்கு வரச்சொல்லி. தேறினால் தொழிலாக ஆடலாம். போனால் இந்தத் தவணைப் படிப்பு போய்விடும். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

"உவன்ரை கோச் நல்லாய் விளையாடுறான் எண்டுறான்" என்றார் அத்தான். அவர் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பழுதான பாகத்தைக் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் வேலை. "ஆனா மச்சான், இஞ்சை உவங்கள் எல்லாத்துக்கும் 'குட் ஜொப்' தான். பிள்ளை கோப்பை கழுவினாலும் குட் ஜொப், கழுவேக்கை போட்டு உடைச்சாலும் குட் ஜொப். உவங்கடை கதையை நம்பிப் படிப்பைக் குழப்ப ஏலுமே? எங்கடை ஆள் ஒருத்தன் பாத்துக் குறை சொல்லவேணும். அப்பதான் எனக்கு நம்பிக்கை வரும்."

"அத்தான், இது கிரிக்கெட் இல்லையே" என்றேன்.

"பந்து, துடுப்பு, ஓட்டம், பிடி. இதிலை என்ன புதுசு? நீ ஓம் எண்டால் போகட்டும். இல்லையெண்டால் கதை முடிஞ்சுது."

"என்ரை தம்பி பாத்தால் பிழைக்காது" என்றா அக்கா, குழம்பை ஊற்றிக்கொண்டே.

அத்தானைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பத்திரிகை அவருக்குக் கப்பலில் ஒரு மாதம் பிந்தித்தான் போய்ச்சேரும். அன்று காலை அச்சானதுபோல அதை விரித்து என் பக்கத்தைத்தான் முதலில் வாசிப்பார். நான் எழுதியதை ஒன்று விடமாட்டார், பிழை இருந்தால் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைப்பார். அப்படி ஒரு வாசகர் என்னை நீதிபதியாக்கும்போது, எனக்கு இந்த விளையாட்டு தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் குகன் புட்டைப் பிசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாப்பம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் எறித்தது. குகன் அணியின் பஸ்ஸில் முன்னரே போய்விட்டான். நானும் அத்தானும் மடக்குக் கதிரைகளோடும், பிளாசாவில் வாங்கிய ஆட்டிறைச்சி ரோல்ஸோடும் போய் வேலியோரம் உட்கார்ந்தோம். கொழும்பில் ஒரு பாடசாலைப் போட்டிக்கே பாண்ட் வாத்தியமும் கொடியும் ஆட்களும் மைதானத்தை உடைத்துவிடும். இங்கே ஆடுபவர்களின் தாய் தகப்பன் ஒரு முப்பது பேர், இரண்டு நாய்கள். ஒரு நாய் எங்கள் ரோல்ஸைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

அத்தான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. பந்து வந்தால் கைதட்டு, போனால் கைதட்டு. குகன் துடுப்போடு நின்று நான்கு பந்துகளைத் தொடாமல் விட்டான். விட்டதற்காக அவனை, ஓடிச் சேரவேண்டிய முதல் தளத்துக்குச் சும்மா நடந்துபோகச் சொன்னார்கள். "நல்ல கண்! நல்ல கண்!" என்று எங்களுக்குப் பின்னால் ஒரு பெண்மணி கத்தினார்.

"பாத்தியே?" என்றார் அத்தான். "ஒண்டும் செய்யாமல் நிண்டதுக்கும் பாராட்டு."

நான் குறிப்புப் புத்தகத்தை விரித்து உத்தியோகமாக எழுதத் தொடங்கினேன். குகனுக்கு இடப்பக்கம் நின்ற செம்பட்டைத் தலைப் பையன் பந்து வந்த பக்கமெல்லாம் பாய்ந்தான். வயிற்றில் சறுக்கி, புல்லில் உருண்டு, மூன்று பிடிகள். மூன்றாவதற்கு நானே எழுந்து நின்று கைதட்டினேன். குகனோ முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். அவனுக்கு வந்த பந்துகள் நேரே அவனிடமே வந்தன. நாலு எட்டு வைத்து, பால் போத்தலை வாங்குபவன் மாதிரிப் பிடித்தான். ஒரு பந்து முன்னால் விழப்போனது. பாய்ந்தால் எட்டியிருக்கும் என்று எனக்குப் பட்டது. அவன் பாயவில்லை. நின்று, குத்தி எழும்ப விட்டு எடுத்தான். எடுத்ததையும் தூர எறியவில்லை, பாதி வழியில் நின்ற இன்னொருவனிடம் கொடுத்தான். ஆட்டம் முடிந்து வந்தபோது மற்ற எல்லாருடைய சட்டையிலும் புழுதியும் புல்லுக் கறையும். அவனுடைய வெள்ளைச் சட்டை அக்கா இஸ்திரி போட்ட மடிப்போடு இருந்தது.

திரும்பி வரும் வழியில் நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டு கிடந்தது. அத்தான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "சொல்லு" என்றார்.

சொன்னேன். பொடியன் கெட்டிக்காரன், ஆனால் உடம்பைக் கொடுத்து ஆடுகிறான் இல்லை. கையில் பலம் காணாது. துடுப்பைத் தூக்கப் பயப்படுகிறான். பொழுதுபோக்குக்குச் சரி, தொழிலாக ஆட இது காணாது. இருபது வருடமாகப் பாடசாலைப் பொடியன்களைப் பற்றி எழுதி எழுதிப் பழகிய வசனங்கள்தான். பூட்டிய குழாயைத் திறந்ததுபோல வந்தன. குறை சொல்லச் சொல்ல அத்தானின் முகம் தெளிந்தது. அவர் கவலைப்படவில்லை என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். மகன் தன்னை விட்டுத் தூரமாகப் போகமாட்டான் என்ற நிம்மதி அது.

சாப்பாட்டு மேசையில் அத்தான் "மாமா பாத்திட்டார்" என்று ஆரம்பித்து, என் குறைகளை ஒன்று விடாமல், எனக்குரிய மரியாதையோடு ஒப்புவித்தார். குகன் "ஓகே" என்றான். பிறகு என்னிடம் திரும்பி, "மாமா, நீங்கள் பந்தைப் பாத்தனீங்களோ, என்னைப் பாத்தனீங்களோ?" என்று கேட்டான்.

"பந்தைத்தான். ஆட்டத்திலை பந்தைத்தானே பாக்கிறது?"

"ம்" என்றுவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனான். திங்கட்கிழமை காலை அந்த அணிக்குத் தொலைபேசி எடுத்து, வரவில்லை என்று சொல்லிவிட்டான். கடிதம் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து போய்விட்டது. காந்தம் மட்டும் இருந்தது.

செவ்வாயும் புதனும் மழையும் ஈரமும். கிரிக்கெட் மைதானத்தில் நடுவர்கள் குடையோடு நடந்துபோய் நிலத்தைத் தொட்டுப் பார்ப்பதும், திரும்பி வருவதுமாக இருந்தார்கள். புதன்கிழமை காலையிலேயே இன்று ஆட்டம் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். பக்கத்தை நிரப்ப ஏதாவது எழுதவேண்டும். பேஸ்போலைப் பற்றிக் கொஞ்சம் நகைச்சுவையாக எழுதலாம் என்று எண்ணி, பிற்பகல் வானம் வெளித்ததும், குகனின் அணி ஆடவிருந்த விட்பி என்ற சிற்றூருக்கு ரயிலில் தனியாகப் புறப்பட்டேன்.

ரூஜ் என்ற இடத்தில் அந்தப் புறநகர் ரயில் ஏரியை உரசிக்கொண்டு போகும். ஏரி என்றுதான் பெயர், அக்கரை தெரியாது. நான் வாயைப் பிளந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியில் மற்ற எல்லாரும் தூங்கினார்கள். கொழும்புக் கோட்டை ரயில் என்றால் இதற்குள் வடைக்காரனும், கண் தெரியாத பாட்டுக்காரனும், அரசியலும் வந்துபோயிருக்கும். அந்த அமைதியில் நானும் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது விட்பி போய்க் கடைசி நிலையம் வந்திருந்தது. வெளியே இறங்கினால் நடப்பதற்கு ஓரப்பாதைகூட இல்லாத பெருந்தெரு. புதுவீடுகள் ஒரே அச்சில் வார்த்தவை போல வரிசையாக நிற்கின்றன, வழி கேட்க ஒரு குஞ்சு இல்லை. அரை மணித்தியாலம் நடந்திருப்பேன். ஒரு பிக்கப் வண்டி பக்கத்தில் வந்து நின்றது. "கார் பழுதாகிவிட்டதா?" என்று கேட்டார் அதிலிருந்த பெண்மணி. கார் இல்லை, நடக்கிறேன் என்றதும், சுகமில்லாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்து, ஏற்றிக்கொண்டுபோய் மைதான வாசலிலேயே இறக்கிவிட்டார்.

ஆட்டம் பாதி முடிந்திருந்தது. பார்வையாளர் வாங்கில் ஒரு கிழவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. வைக்கோல் தொப்பி, கழுத்தில் நிறுத்தற் கடிகாரம், மடியில் குறிப்புப் புத்தகம். சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கோதைக் காகிதக் குவளைக்குள் துப்பிக்கொண்டிருந்தார். நானும் விளையாட்டு எழுதுபவன் என்றேன். அவர் தொழில்முறை அணிகளுக்கு ஆள் பார்த்துச் சொல்பவர் என்றார். அன்று எதிரணியின் பந்துவீச்சாளரைப் பார்க்க வந்திருந்தார்.

செம்பட்டைத் தலையன் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தான். நான் கைதட்டினேன். கிழவர் தட்டவில்லை.

"நல்ல பையன்" என்றார். "ஆனால் பிந்திப் புறப்படுகிறான். அதனால்தான் பாயவேண்டியிருக்கிறது."

"நடுவில் நிற்பவன்?" என்று கேட்டேன்.

"அவனைப் பார்க்க வேண்டுமென்றால் பந்தைப் பார்க்காதீர்கள். அவன் காலைப் பாருங்கள்."

பார்த்தேன். எதிரணிக்காரன் துடுப்பை வீசினான். சத்தம் என் காதுக்கு வருவதற்குள் குகனின் கால் எழும்பிவிட்டது. பந்து எங்கே போகிறது என்று பந்துக்கே தெரியுமுன் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு வேலிப் பக்கம் ஓடினான். ஒருதரம்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. ஓடி, நின்று, திரும்பினான். பந்து அவன் கைக்குள் விழுந்தது. பால் போத்தலை வாங்குபவன் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பந்து அவனிடம் போகவில்லை, அவன்தான் ஒவ்வொரு தடவையும் பந்துக்கு முன்னால் போய் நின்றிருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"கையில் பலம் இல்லை என்று நினைத்தேன்" என்றேன் மெல்ல. "பக்கத்தில் நிற்பவனிடம்தான் எறிகிறான்."

"அதுதான் சரி. இடையில் நிற்பவனின் தலைக்கு மேலால் நீளமாக எறிபவன் பார்க்கிறவர்களுக்காக எறிகிறான். பந்து காற்றில் இருக்கும் நேரத்தில் எதிரணிக்காரன் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவான்." கிழவர் ஒரு விதையைக் கடித்தார். "பெரிய இடத்துக்குப் போவானா என்றால் எனக்குத் தெரியாது. துடுப்பு இன்னும் மெதுவாகத்தான் வருகிறது, பலர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் கெட்ட பந்து நான்கை விட்டால் முதல் தளம் இனாம், நல்ல பந்து எது, விடவேண்டிய பந்து எது என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கண்ணையும் காலையும் ஒருவருக்கும் பழக்க முடியாது. நான் சொல்லித்தான் அவனுக்குக் கடிதம் போனது, ஆறு வாரம் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். திங்கட்கிழமை வரவில்லை என்று சொல்லிவிட்டான். வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் ஒருவர் வந்தாராம். நிபுணராம்."

அந்த நிபுணர் அவருடைய விதைப் பையிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தார். நான்தான் அது என்று சொல்லவில்லை. முகாமுக்கு வருபவர்களின் பட்டியல் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத்தான் போகிறது, அதற்குள் பையன் கூப்பிட்டால் இடம் இருக்கிறது என்றார். தலையாட்டினேன்.

திரும்பும்போது குகனின் பழைய காரில் வந்தேன். பின் இருக்கையில் கையுறைகளும் காலுறைகளும், அவற்றின் வாசமும்.

"அந்தக் கிழவனோடை கதைச்சனான்" என்றேன்.

"கண்டனான், மாமா."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்காம். உனக்கு இருபது வயசு. நீயாய்ப் போகலாந்தானே?"

"போகலாம். பட், எனக்கு அப்பா ஓம் எண்டு சொல்லவேணும். அவர் ஒண்டுக்கும் ஓம் சொன்னதில்லை, மாமா. ஹொக்கிக்கு நோ, ஸ்கூல் ட்ரிப்புக்கு நோ. இதுக்கு மட்டும்தான் 'மாமா வரட்டும்' எண்டார். தற்ஸ் லைக், அரை ஓம்." பிறகு சொன்னான்: "நீங்கள் கேட்டுப் பாருங்கோவன்."

வீட்டில் அக்கா தோசை சுட்டுக்கொண்டிருந்தா. பக்கத்து வீட்டு மலர் அன்ரி தேநீர்க் கோப்பையோடு இருந்தா. அவவிடம் அக்கா என்னைப் பற்றித்தான் அளந்துகொண்டிருந்தா என்பது நான் உள்ளே போனதும் இருவரும் நிறுத்தியதில் தெரிந்தது. குகன் சப்பாத்தைக் கழற்றுகிற சாட்டில் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"அத்தான், ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதைக் கொஞ்சம் மாத்தவேணும். குகன் நல்ல விளையாட்டுக்காரன். அவனை அனுப்பலாம்."

அத்தான் பத்திரிகையை மடித்து வைத்தார். "ஆர் சொன்னது?"

"அவங்கடை ஆள் ஒருத்தர். ஆள் பாத்து எடுக்கிறவர்."

"வெள்ளைக்காரனே?"

"ஓம்."

அத்தான் சிரித்தார். பொல்லாத சிரிப்பில்லை, என்னில் இரக்கப்பட்ட சிரிப்பு. "மச்சான், உனக்கும் குட் ஜொப் சொல்லிப்போட்டாங்கள், என்ன?"

மலர் அன்ரியும் சிரித்தா. நான் காலைப் பற்றியும், பந்துக்கு முந்திப் புறப்படுவதைப் பற்றியும், பாயாமல் இருப்பதுதான் கெட்டித்தனம் என்பதைப் பற்றியும் விளக்கத் தொடங்கினேன். எனக்கே அரைகுறையாக விளங்கியதை நான் விளக்க, அது சாக்குப்போக்கு மாதிரித்தான் வெளியே வந்தது.

"நில்லு" என்றார் அத்தான். "ஞாயிற்றுக்கிழமை உன்ரை கண்ணாலை பாத்துச் சொன்னனி. இண்டைக்கு ஆரோ சொன்னதைக் கேட்டுச் சொல்லுறாய். ரெண்டிலை நான் எதை எடுக்கிறது?"

அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. 'அத்தான், எனக்கு இந்த விளையாட்டின் அரிச்சுவடியே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தது கிரிக்கெட்டை. சொன்னது முழுக்கப் பிழை.' இவ்வளவுதான். சொல்லியிருந்தால் அவர் அந்தத் தீர்ப்பையே தூக்கி எறிந்திருப்பார், பழுதான பாகத்தை ஒதுக்குகிறவர் அவர். அக்கா தோசைக்கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா. கடைக்காரர் குலுக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"அதுவும் சரிதான்" என்றேன்.

வாசலில் சப்பாத்துகள் ஒழுங்காக அடுக்கி வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. குகன் எங்களைத் தாண்டி மாடிக்கு ஏறிப் போனான். அன்றும் அவன் சட்டையில் ஒரு கறை இல்லை.

வியாழனும் வெள்ளியும் வெயில். கிரிக்கெட் அமோகமாக நடந்தது. சமோசாவும் கொடியும் கூச்சலுமாக மைதானம் நம்முடைய ஊர்போல இருந்தது. நான் சந்தோசமாக இருந்திருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை பத்திரிகையாளர் கூடாரத்துச் சுவர்க்கடிகாரத்தில் ஐந்து மணி ஆனதைப் பார்த்தேன். பிறகு யார் எத்தனை ஓட்டம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

சனிக்கிழமை குகன்தான் என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனான். வழியெல்லாம் கொழும்பு வெக்கையைப் பற்றியும், அக்கா பொதி நிறைய வைத்துவிட்ட சொக்லேற்றுகள் உருகாதா என்பது பற்றியும் கேட்டுக்கொண்டு வந்தான். என்மேல் அவனுக்குக் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். இறக்கிவிடும் இடத்தில் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"குகன், எனக்கு பேஸ்போல் தெரியாது. ஒண்டும் தெரியாது. தெரிஞ்ச மாதிரிச் சொல்லிப்போட்டன்."

அவன் என்னைப் பார்த்தான். பந்து துடுப்பில் படுமுன் புறப்படுகிற பிள்ளை, இதையும் முன்னரே அறிந்திருப்பான்.

"அதை அப்பாட்டைச் சொல்லியிருக்கலாமே, மாமா" என்றான்.

பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. அங்கே அதிக நேரம் நிறுத்தக்கூடாது. அவன் கையை அசைத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்தப் பயணத்திலிருந்து கிரிக்கெட்டைப் பற்றி எட்டுக் கட்டுரைகள் எழுதினேன். பேஸ்போலைப் பற்றி எழுத நினைத்த நகைச்சுவைக் கட்டுரையை எழுதவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு வருடம் கழித்து இதை எழுதுகிறேன். குகன் இப்போது ஒரு வங்கியில் கணினி வேலை பார்க்கிறான், அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வாசிக்கப்போகிறவர் வேறு ஒருவர். இந்தப் பத்திரிகை கப்பலில் போய்ச்சேர ஒரு மாதம் ஆகும். அவர் என் பக்கத்தைத்தான் முதலில் விரிப்பார், சிவப்புப் பேனா பக்கத்தில் இருக்கும்.

அத்தான், ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதற்குக் கீழே கோடு போடுங்கள்.